காற்று நுழையும் வழி

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். எடைக் கணக்கில் பார்த்தால் பெட்ரோல் 1 பங்கு, காற்று 14.7 பங்கு. கார் வைத்திருப்பவர்கள் பெட்ரோலைப் பற்றி ஓயாமல் பேசுவார்கள். விலை, மைலேஜ், எந்த பங்க்கில் அளவு சரியாக இருக்கும் என்று பேச்சு நீளும். காற்றைப் பற்றிப் பேச யாருமில்லை. அதற்கு ரசீது கிடையாது, டேங்க் கிடையாது, தீர்ந்துபோகும் என்று எச்சரிக்கும் முள்ளும் கிடையாது. ஆனால் எஞ்சினுக்குள் போகிற பொருளில் மிகப் பெரும்பகுதி காற்றுதான். பெட்ரோல் அதன்மேல் தூவப்படுகிறது, அவ்வளவே.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஆசைப்பட்டு வாங்குகிறவர் பெரும்பாலும் முதலில் கைவைப்பது இந்தக் காற்று நுழையும் இடத்தில்தான். கம்பெனி பொருத்திக் கொடுத்த கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியைக் கழற்றிவிட்டு, வேறொரு கம்பெனி செய்த சிவப்பு நிறக் கூம்பு ஃபில்டர் ஒன்றை அங்கே மாட்டுவார். அரை நாள் வேலை. எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை. வீட்டில் கிடக்கும் ஸ்பேனர்களும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் போதும். தன் காரைத் தன் கையால் தொட்டு வேலை செய்யும் துணிச்சல் பலருக்கும் இந்த வேலையில்தான் பிறக்கிறது. அதனாலேயே இந்தச் சிறிய வேலையை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். ஓர் இயந்திரத்திடம் நாம் என்ன எதிர்பார்க்கிறோம் என்பது இதில் தெரிந்துவிடுகிறது. அந்த எதிர்பார்ப்பு சரியானதா, அதற்கு யார் விலை கொடுப்பது என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது.

நான் பேசும் கார் மாஸ்டா எம்எக்ஸ்-5. அமெரிக்காவில் அதை மியாட்டா என்பார்கள். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் முதன்முதலாக மேடையேறியது. இரண்டே இருக்கை. 1.6 லிட்டர், நான்கு சிலிண்டர் எஞ்சின். 116 குதிரைசக்தி. எடை ஒரு டன்னைத் தொடாது. கையால் மடக்கிவிடக்கூடிய துணிக்கூரை. தேவைப்படும்போது மட்டும் எழுந்து நிற்கும் முகப்பு விளக்குகள். நான் வசிக்கும் கலிஃபோர்னியாவில் முப்பத்தைந்து வயது தாண்டிய இந்தக் கார்களை இன்றும் சாலையில் அன்றாடம் பார்க்கலாம். என்னிடம் இருப்பதும் அந்த முதல் தலைமுறையைச் சேர்ந்த, 1990-ஆம் ஆண்டு மாடல்தான்.

இந்தக் கார் பிறந்த சூழலைச் சொன்னால்தான் அந்தக் கறுப்புப் பெட்டியின் மதிப்பு புரியும். எடை குறைந்த, திறந்த, மலிவான ஸ்போர்ட்ஸ் கார் என்பது ஒருகாலத்தில் பிரிட்டிஷ்காரர்களின் சொத்தாக இருந்தது. 1980-இல் எம்ஜிபி நின்றது, அடுத்த ஆண்டு டிரையம்ஃபின் கடைசி ஸ்போர்ட்ஸ் காரும் நின்றது. ஓட்டுவதற்கு அவ்வளவு இன்பமான அந்தக் கார்கள் எண்ணெய் ஒழுகின, மழைநாளில் கிளம்ப மறுத்தன. பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் அப்படியொரு காரை மாஸ்டா செய்யலாமே என்று அந்தக் கம்பெனியின் கெனிச்சி யமமோட்டோவிடம் யோசனை சொன்னார். பின்னாளில் தோஷிஹிகோ ஹிராய் தலைமையில் அது உருவானது. 1962-இல் வந்த லோட்டஸ் எலான் அவர்கள் கண்முன் இருந்த முன்மாதிரி. எலானின் குணத்தை எடுத்துக்கொண்டு அதன் நோய்களை விட்டுவிட்டார்கள். காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்பும் ஸ்போர்ட்ஸ் கார் என்பதுதான் மாஸ்டாவின் ஊரான ஹிரோஷிமாவிலிருந்து உலகுக்குக் கிடைத்த புதுமை. 2016-இல் பத்து லட்சமாவது எம்எக்ஸ்-5 தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. மூடிய காற்றுப்பெட்டியும் அதற்குள் மடிப்பு மடிப்பாக இருக்கும் காகித ஃபில்டரும் அந்த நம்பகத்தின் ஒரு பகுதி. அதை நாம் கழற்றும்போது எதைக் கழற்றுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

பானட்டைத் திறந்து இடப்பக்க (அமெரிக்காவில் ஓட்டுநர் பக்க) முன்மூலையைப் பாருங்கள். விளக்குக்குப் பின்னால் அந்தப் பெட்டி இருக்கும். அதோடு ஒட்டியபடி காற்றளவி. அங்கிருந்து ஒரு பெரிய குழாய் எஞ்சினுக்கு முன்னால், ரேடியேட்டருக்குப் பின்னால் குறுக்கே ஓடி வலப்பக்கம் போய், ஆக்சிலரேட்டரை அழுத்தினால் திறக்கும் திராட்டிலில் சேரும். ஏன் இந்தச் சுற்றுவழி என்றால், இந்த எஞ்சின் வலப்பக்கம் காற்றை இழுக்கிறது, இடப்பக்கம் புகையை விடுகிறது. பெட்டி இருப்பது புகை வெளியேறும் பக்கம். அதாவது எஞ்சின் அறையில் அதிகமாகச் சூடேறும் பக்கம். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையைத் தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்ற வேண்டும். இந்தக் காரில் பேட்டரி டிக்கிக்குள் இருக்கிறது, முன்பின் எடையைச் சமப்படுத்துவதற்காக அங்கே வைத்தார்கள். பிறகு காற்றளவியின் மின் இணைப்பை உருவ வேண்டும். முப்பது வருட வெப்பத்தில் வெந்த பிளாஸ்டிக் என்பதால் அதன் பூட்டு தொட்டால் உடையும் நிலையில் இருக்கும். இழுக்கக் கூடாது, முதலில் கம்பிக் கொக்கியை விடுவிக்க வேண்டும். அடுத்து ஹோஸ் கிளாம்ப்புகள். ரப்பர் ஹோஸ் கையில் வந்ததும் அதன் மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பழைய காரில் ஃபில்டர் மாற்றுவதால் கிடைக்கும் உண்மையான லாபம் பல நேரங்களில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. மடிப்பின் அடியில் யாருக்கும் தெரியாமல் ஒரு விரிசல் இருக்கும். புது ஃபில்டர் மாட்டியதும் கார் மாறிவிட்டது என்று சொல்பவர்களில் சிலருக்கு மாறியது ஃபில்டரால் அல்ல, வேலையோடு வேலையாக மாற்றிய ஹோஸால்.

விரிசல் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைக் காற்றளவியைக் கையில் எடுத்துப் பார்த்தால் விளங்கிவிடும். உலோகச் செவ்வக வாய்க்குள் ஒரு சிறிய கதவு. அதன் பின்னால் ஒரு சுருள்வில். விரலால் மெல்லத் தள்ளினால் கதவு வழுக்கிக்கொண்டு திறக்கும், விட்டால் திரும்பி வரும். எஞ்சின் இழுக்கும் காற்று இந்தக் கதவைத் தள்ளுகிறது. கதவு எவ்வளவு திறந்தது என்பது மின்னழுத்தமாக மாறிக் கணினிக்குப் போகிறது. காற்றின் வெப்பத்தைச் சொல்ல அதே கூட்டுக்குள் ஒரு சென்சாரும் உண்டு. இரண்டையும் வைத்து இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று கணினி முடிவெடுக்கிறது. 1970-களில் பாஷ் கம்பெனி பரவலாக்கிய முறை இது. கதவு மூடியே கிடந்தால் பெட்ரோல் பம்ப்பும் ஓடாது, அதற்கான சுவிட்ச்சும் இதற்குள்தான் இருக்கிறது. கதவுக்கு அப்பால் ஹோஸில் விரிசல் இருந்தால் அந்த வழியாக நுழையும் காற்று கணக்கில் வராது. கணக்கில் வராத காற்றுக்குப் பெட்ரோலும் கிடைக்காது. ஐட்லிங்கில் எஞ்சின் ஏறி இறங்கித் தவிக்கும், சிக்னலில் நின்றுவிடும். ஃபில்டரை மாற்றிய பிறகு வரும் புகார்களில் பெரும்பாலானவை புது ஃபில்டரின் குற்றமே இல்லை. சரியாக இறுக்கப்படாத ஒரு கிளாம்ப், அல்லது பழசையே திரும்ப வைத்த ஒரு கேஸ்கட்.

நான் இந்தக் கதவை வியந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். இன்றைய கார்களில் இந்த வேலையைச் சூடேற்றிய கம்பி ஒன்று செய்கிறது. துல்லியம் அதிகம், அசைவு இல்லை. இதே எம்எக்ஸ்-5 பிறகு 1.8 லிட்டர் எஞ்சினுக்கு மாறியபோது கம்பிதான் வந்தது. கதவோ காற்று நடந்து போவதைக் கண்ணுக்குக் காட்டுகிறது. மூச்சு என்று நாம் சும்மா சொல்லிக்கொள்வதை இங்கே விரலால் தொட முடிகிறது.

கூம்பு ஃபில்டரைப் பொருத்துவது எளிது. காற்றளவியின் வாயில் நான்கு போல்ட்டில் ஓர் இணைப்புத் தகடு, நடுவில் புது கேஸ்கட், தகட்டின் கழுத்தில் கூம்பு, அதைச் சுற்றி ஒரு கிளாம்ப். பெட்டி தாங்கியிருந்த எடையை இப்போது எது தாங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தாங்கு இல்லாமல் விட்டால் எஞ்சின் அதிர்வெல்லாம் ரப்பர் ஹோஸின் தலையில் விழும். என்னுடைய காரில் முதன்முறை கூம்பை மாட்டியபோது அக்கா மகன் கூட இருந்தான். எஞ்சினைக் கிளப்பி ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் முன்பு இல்லாத ஒரு கனத்த உறிஞ்சல் ஒலி எழுந்தது. அவன் முகம் மலர்ந்துவிட்டது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “சத்தம் நல்லா வருது மாமா. வேகமும் கூடியிருக்கா?” என்றான்.

இந்த வேலையில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். பதில் சொல்லக் கணக்கு போட வேண்டும்.

1.6 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 6,500 சுற்றில் அதிகபட்சம் 5,000 லிட்டர் அளவுக்குக் காற்றை இழுக்கும். ஃபில்டர் தரும் தடையை நீர்மட்டத்தின் மில்லிமீட்டரில் அளப்பது வழக்கம். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் அதே அளவில் ஏறத்தாழ 10,300 மி.மீ. சுத்தமான காகித ஃபில்டர், முழு வேகத்தில், தாராளமாக 100 மி.மீ. தடை தருகிறது என்றே வைத்துக்கொள்வோம். அது மொத்த அழுத்தத்தில் 1 சதவீதம். ஃபில்டரே இல்லாமல் ஓட்டினாலும் கிடைக்கக்கூடியது 116 குதிரைசக்தியில் ஒன்றேகால் குதிரைக்குள் அடங்கிவிடும். நல்ல கூம்பு ஃபில்டர் அந்தத் தடையில் பாதியைக் குறைத்தால் அதிலும் பாதி. அந்த அளவு மாற்றத்தை இருக்கையில் உட்கார்ந்திருக்கும் மனித உடலால் உணர முடியாது. மேலும், காற்றளவியின் கதவு அப்படியே பாதையில் நிற்கிறது. முன்வாசலை அகலமாக்கிவிட்டு உள்வாசலை அப்படியே விட்டதுபோலத்தான்.

மைலேஜ் கூடும் என்ற பேச்சுக்கும் ஆதாரம் இல்லை. அமெரிக்க எரிசக்தித் துறைக்காக ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், கணினிக் கட்டுப்பாட்டோடு பெட்ரோலை இன்ஜெக்டரால் தெளிக்கும் கார்களில் அடைத்துப்போன ஃபில்டர்கூட மைலேஜைக் குறைப்பதில்லை என்று கண்டார்கள். காரணம் எளியது. நிதானமாக ஓட்டும்போது திராட்டில் பாதி மூடித்தான் இருக்கிறது. காற்றை நாமே தடுத்துக்கொண்டிருக்கிறோம். ஃபில்டர் சற்று அதிகமாகத் தடுத்தால் நம் கால் சற்று அதிகமாக அழுத்தும், கணக்கு நேராகிவிடும். முழு வேகத்தில் முடுக்கும்போதுதான் அடைப்பு தெரியும். அடைத்த ஃபில்டரை மாற்றினால் முடுக்கம் 6 முதல் 11 சதவீதம் வரை மேம்படலாம் என்கிறது அத்துறை. இது அடைத்ததற்கும் புதிதுக்கும் உள்ள வேறுபாடு. புதுக் காகிதத்துக்கும் புதுக் கூம்புக்கும் உள்ளதல்ல. இந்த இரண்டையும் குழப்பித்தான் விற்பனை நடக்கிறது.

வெப்பத்துக்கு வருவோம். பெட்டிக்குள் இருந்த ஃபில்டர் வெளிக்காற்றை இழுத்தது. திறந்த கூம்பு எஞ்சின் அறையின் காற்றை இழுக்கிறது, அதுவும் சூடான பக்கத்தில் நின்றுகொண்டு. 30 டிகிரி காற்றுக்குப் பதில் 60 டிகிரி காற்று உள்ளே போனால் அதன் அடர்த்தி 9 சதவீதம் குறைகிறது. அந்த 9 சதவீதம் அப்படியே சக்தியில் இறங்காவிட்டாலும், ஃபில்டர் சேமித்துக் கொடுத்த அரை சதவீதத்தை அது பலமுறை விழுங்கிவிடும். கார் வேகமாக ஓடும்போது காற்றோட்டத்தால் நிலைமை சற்றுத் தேவலை. சிக்னலில் நின்று கிளம்பும்போது மோசம். அக்கா மகனிடம் நான் சொன்னது இதுதான்: வெயிலில் நெரிசலில் நிற்கும்போது இந்தக் கார் முன்பைவிடக் கொஞ்சம் மெதுவாகத்தான் கிளம்பும். சக்தி வேண்டுமென்றால் இந்த எஞ்சினில் இக்னிஷன் டைமிங்கை 10 டிகிரியிலிருந்து 14-க்கு நகர்த்தலாம். காசு செலவில்லை, உயர்தரப் பெட்ரோல் ஊற்றினால் போதும், இருக்கையில் உட்கார்ந்தாலே வித்தியாசம் தெரியும். ஆனால் அதை யாரும் கண்ணாடிப் பேழையில் வைத்து விற்க முடியாது.

ஆக மிஞ்சுவது ஒலி. நான் அதை இழிவாகச் சொல்லவில்லை. ஒலிதான் இந்த வேலையின் உண்மையான பயன் என்று நினைக்கிறேன், அது சிறிய பயனும் இல்லை. உறிஞ்சு வால்வு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் குழாயில் ஓர் அழுத்த அலை பின்னோக்கி ஓடுகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் 6,000 சுற்றில் ஓடும்போது இப்படி விநாடிக்கு 200 முறை. மூடிய பெட்டியின் கொள்ளளவும் குழாயோடு சேர்ந்த வெற்று அறையும் இந்த அலைகளை அடக்குகின்றன. சாலையோரம் நிற்பவர் காதுக்கு இவ்வளவுதான் கேட்கலாம் என்று சட்டங்கள் உண்டு, பெட்டியை வடிவமைத்தவர்கள் அவற்றுக்கும் கட்டுப்பட்டவர்கள். கூம்பை மாட்டும்போது அடக்கப்பட்டிருந்த அலை வெளியே வருகிறது. இதே காரின் புகைக்குழல் ஒலியை மாஸ்டாவின் பொறியாளர்கள் எத்தனையோ ஸ்போர்ட்ஸ் கார்களின் ஒலியைப் பதிவுசெய்து கேட்டுக்கேட்டுச் செதுக்கினார்கள். காருக்குக் குரல் வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

சத்தமே இல்லாத கார்கள் சாலையை நிறைத்துவரும் காலம் இது. அவை நல்ல கார்கள், நகரத்துக்கு அவைதான் வேண்டும். ஆனாலும் தன் காலின் அழுத்தத்துக்கு ஓர் இயந்திரம் காற்றை இழுத்துப் பதில் சொல்வதைக் கேட்க விரும்பும் மனிதரை நான் புரிந்துகொள்கிறேன். அவர் கேட்பது வேகம் இல்லை. நெருக்கம். அந்த ஆசையை அதன் சொந்தப் பெயரால் சொல்லிக்கொண்டால் கெடுதல் குறைவு. சக்தி கூடுகிறது என்று தன்னைத் தானே நம்பவைத்துக்கொண்டு செய்யும்போதுதான், ஒலிக்காக எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக் கூடாது என்று யோசிக்க மறந்துபோகிறார்.

விடக் கூடாதது எது என்பதற்குத் தூசிதான் பதில்.

பழைய பந்தயக் கார்களின் படங்களில் கார்புரேட்டர்களின் வாயில் எக்காளம்போல் விரிந்த குழல்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலே ஒரு கம்பிவலை இருக்கும், சில படங்களில் அதுவும் இருக்காது. நம் மனத்தில் திறந்த வாய் என்பது வேகத்தின் அடையாளமாக ஆனது அங்கிருந்துதான். ஆனால் அந்த எஞ்சின்களைப் பந்தயத்துக்குப் பந்தயம் பிரித்துப் பார்த்தார்கள், தேய்ந்த ரிங்கை எடுத்தெறிந்துவிட்டுப் புதிதைப் போட்டார்கள். அந்த எஞ்சினின் ஆயுளை மணிக்கணக்கில் எண்ணலாம். பிழைத்திருக்க வேண்டிய தேவையே அதற்கு இல்லாததால் அது வாயைத் திறந்து வைத்துக்கொண்டது. நம் கையில் இருக்கும் பழைய காரின் நிலை நேர் எதிரானது. அது இன்னும் இருபது வருடம் ஓட வேண்டும். அதற்கான உதிரிபாகங்கள் ஆண்டுக்கு ஆண்டு அரிதாகின்றன. பந்தயக்காரர் செய்துகொண்ட ஒப்பந்தத்தை நாம் இரவல் வாங்க முடியாது.

சாலைத் தூசியில் பெரும்பகுதி மண், மண்ணில் பெரும்பகுதி சிலிக்கா. சிலிக்காவின் படிக வடிவமான குவார்ட்ஸ் இரும்பைக் கீறும் கடினம் உடையது. கண்ணுக்குத் தெரியும் பருமனான துகளை எந்த ஃபில்டரும் பிடித்துவிடும். ஆபத்தானவை 5 முதல் 20 மைக்ரான் வரையுள்ள துகள்கள். பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே இருக்கும் எண்ணெய்ப் படலத்துக்குள் நுழைந்து இருபுறமும் உரசுவதற்கு ஏற்ற பருமன் அவற்றுக்குத்தான் உண்டு. உரசல் ஒருநாளில் தெரியாது. ஆண்டுகள் கழித்து, புகைக்குழலில் நீலப் புகையாக வரும்போது தெரியும். அப்போது யாருக்கும் ஃபில்டர் நினைவுக்கு வராது.

ஃபில்டர்களைச் சோதிக்க ஐஎஸ்ஓ 5011 என்றொரு நெறிமுறை இருக்கிறது. அரிசோனாப் பாலைவனத்து மண்ணிலிருந்து பருமன் பிரித்துத் தயாரித்த தூசியை அளந்து ஊட்டி, எவ்வளவு பிடித்தது, எவ்வளவு விட்டது, தடை எவ்வளவு ஏறியது என்று பார்ப்பார்கள். இந்த மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும். தடை குறைய வேண்டுமென்றால் துளை பெரிதாக வேண்டும், துளை பெரிதானால் தூசி நுழையும். விளம்பரத்தில் 97 சதவீதம், 99 சதவீதம் என்று எழுதியிருந்தால் இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். உள்ளே போவதைக் கணக்கிடுங்கள். முதலாவது 3 பங்கை விடுகிறது, இரண்டாவது 1 பங்கை. சிலிண்டர் சுவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது மும்மடங்கு தூசி.

காகித ஃபில்டரைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த உண்மை ஒன்று உண்டு. அது புதிதாக இருக்கும்போது செய்வதைவிட, ஓரளவு தூசி படிந்தபின் நன்றாக வேலை செய்கிறது. காபி ஃபில்டரில் டிகாக்‌ஷனை வடிப்பது துளைகள் மட்டும் இல்லை, அவற்றின்மேல் படிந்திருக்கும் பொடியும்தான். அப்படியே, காகிதத்தில் ஒட்டிய தூசி பின்னால் வரும் தூசியைப் பிடிக்கிறது. அழுக்காகத் தெரிகிறதே என்று அடிக்கடி மாற்றுகிறவர், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் எஞ்சினைப் பழகாத வாசல்காவலனிடம் ஒப்படைக்கிறார். காகிதத்தை எப்போது மாற்ற வேண்டும் என்று கார்க் கையேடு சொல்லும் தூரத்தை நம்பலாம். புழுதி அதிகமான ஊரென்றால் அதைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம்.

எண்ணெய் தோய்த்த பருத்தி ஃபில்டர் வேறு வழியில் அதே வேலையைச் செய்யப் பார்க்கிறது. கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு நகரில் 1969-இல் கென் ஜான்சனும் நார்ம் மெக்டொனால்டும் தொடங்கிய கே அண்ட் என் கம்பெனி இந்த வகையை உலகறியச் செய்தது. மோட்டார் சைக்கிள்காரர்கள் அவர்கள். பாலைவனப் புழுதியில் ஓடும் வண்டிக்குக் கழுவித் திரும்ப மாட்டக்கூடிய ஃபில்டர் தேவைப்பட்டது. எண்ணெய் தூசியைப் பிடிக்கும் என்பது அதற்கும் முந்திய அறிவு. நம் ஊர் டிராக்டர்களில் காற்று ஒரு கிண்ணத்து எண்ணெயைத் தொட்டுத் திரும்பி எஞ்சினுக்குப் போகும் ஏற்பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பருத்தி ஃபில்டரின் நன்மை தீமை இரண்டும் மாட்டியவரின் கையில் இருக்கிறது. கழுவி, நிழலில் தானாகக் காயவிட்டு, எண்ணெயை அளவாகத் தெளித்து, அது இழைகளில் பரவும்வரை காத்திருக்க வேண்டும். எண்ணெய் குறைந்தால் தூசி நுழையும். கூடினால், கம்பிவகைக் காற்றளவி உள்ள கார்களில் அந்தக் கம்பியில் எண்ணெய்ப் படலம் ஏறிக் கணக்கைக் கெடுக்கும். பராமரிக்கிற பழக்கம் உள்ளவருக்கு மட்டும் உரிய பொருள் அது.

கலிஃபோர்னியாவில் ஆகஸ்ட் தொடங்கி அக்டோபர் வரை பாதாம் அறுவடை. மரங்களை உலுக்கி, விழுந்த காய்களைத் தரையோடு பெருக்கி அள்ளுவார்கள். மத்தியப் பள்ளத்தாக்கின் மேல் புழுதி மேகமாக நிற்கும். அதே பருவத்தில்தான் காட்டுத்தீயின் சாம்பலும் பறக்கும். கூரையை மடக்கிவிட்டு ஓட்டும் இன்பமான மாலைகளும் அந்தப் பருவத்தில்தான் வருகின்றன. அப்படி ஒரு பயணத்துக்குப் பிறகு ஃபில்டரைக் கழற்றி அதன் வெளிமுகத்தைப் பார்த்தவர் திறந்த வாயை விரும்ப மாட்டார்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. கலிஃபோர்னியாவின் பெரும்பாலான பகுதிகளில் 1976-ஆம் ஆண்டு மாடலும் அதற்குப் பிந்தியதுமான பெட்ரோல் கார்களை, மிகப் புதியவை நீங்கலாக, இரண்டாண்டுக்கு ஒருமுறை புகைச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். சோதிப்பவர் பானட்டைத் திறந்து கண்ணாலும் பார்ப்பார். காற்றுவழியை மாற்றியமைக்கும் வெளிப்பொருள் எதுவானாலும் மாநிலக் காற்றுவள வாரியம் கொடுத்த அனுமதி எண் அதற்கு இருக்க வேண்டும், இல்லையேல் சோதனையில் தோல்வி. பழைய பெட்டிக்குள் பழைய ஃபில்டரின் இடத்தில் அதே வடிவில் உட்காரும் மாற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. இந்தச் சட்டத்தைக் குறைசொல்லும் கார்ப் பிரியர்கள் நிறைய. அவர்களோடு நான் சேரமாட்டேன். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் வானம் ஒருகாலத்தில் எப்படிப் பழுப்பேறி இருந்தது என்பதை அங்கு வாழ்ந்த முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நம் எஞ்சின் இழுக்கும் காற்றை மற்றவர்களும் சுவாசிக்கிறார்கள்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். என் காரில் இப்போது இருப்பது ஹிரோஷிமாவில் வரைந்த அதே கறுப்புப் பெட்டி. அதற்குள் காகிதம். ஹோஸ்கள் எல்லாம் புதியவை, கிளாம்ப்புகள் புதியவை, காற்றளவியின் வாயில் புது கேஸ்கட். பெட்டிக்குக் குளிர்ந்த காற்று வரும் முன்பக்க வழியில் வருடக்கணக்காய்ச் சேர்ந்திருந்த இலைச்சருகையும் சேற்றையும் நீக்கியிருக்கிறேன். குரல் முன்பைவிடத் தணிந்துவிட்டது, அதில் எனக்கு இழப்பு உண்டு. கூரையை மடக்கினால் மீதி ஒலி போதுமான அளவு காதுக்கு வந்து சேர்கிறது. கூம்பை விரும்புகிறவர்களை நான் தடுக்கமாட்டேன். ஆனால் அதைச் சூடான அறையில் அம்மணமாக நிறுத்தாதீர்கள். அதைச் சுற்றி வெப்பம் புகாத தடுப்பு கட்டி, வெளிக்காற்று வரும் ஒரு குழாயை அதன் வாய்வரை கொண்டுவாருங்கள். அப்படிச் செய்து முடித்துப் பார்த்தால் நீங்கள் கட்டியிருப்பது இன்னொரு காற்றுப்பெட்டியாக இருக்கும்.

எந்த ஃபில்டரை வைத்திருந்தாலும், அடுத்த முறை எண்ணெய் மாற்றும் நாளில் இரண்டு காரியங்கள் செய்யுங்கள். ஃபில்டருக்கு அப்பால், எஞ்சினை நோக்கிப் போகும் குழாயின் உட்சுவரை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். வடிந்த பழைய எண்ணெயில் கொஞ்சம் பிடித்து, எண்ணெய்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றுக்கு அனுப்பி, தூசி புகுந்ததைக் காட்டும் சிலிக்கானின் அளவைக் கேளுங்கள். துணியில் மண் ஒட்டினாலோ, அந்த எண் முந்திய முறையைவிட ஏறியிருந்தாலோ, அன்றே காகிதத்தைத் திரும்ப மாட்டிவிடுங்கள்.